ஆறு போன்களும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

உங்கள் பிஸ்கட் டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் மனைவி மல்லேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் எங்கள் குழுவைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தீர்களாம். அவர் முகத்துக்காக வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்தால் அதே பழைய வெண்ணெய் பிஸ்கட் வாசனை. உடனே மூடிவிட்டேன்.

பெங்களூர் வைட்ஃபீல்ட் ஆபீஸின் மூன்றாம் மாடியில், வெள்ளிக்கிழமைதோறும், நாங்கள் ஐந்து மேனேஜர்கள். புரோகிராம் எழுதத் தெரியும், ஆட்களை நடத்தத் தெரியாமல் விழிபிதுங்கிக் கிடந்தவர்கள். எங்களுக்கு வழிகாட்டத்தான் கம்பெனி உங்களை அழைத்து வந்தது. உள்ளே நுழைந்ததும் ஆறு போன்களும் அந்த டப்பாவுக்குள் போகும், உங்களுடையதும்தான். மூடியை அழுத்தி, "இங்க பேசறது இந்த டப்பாவைத் தாண்டாது" என்பீர்கள். பிறகு ஒருவர் அந்த வாரம் மனதை அரித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், புத்திமதி மட்டும் கூடாது. நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி.

என் முறை வந்தபோது சுமதியைப் பற்றிச் சொன்னேன். என் டீமிலேயே கெட்டிக்காரி. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள், அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வேலையில் பாதியை மேலிடத்துக்குத் தெரியாமல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். இது சரியா என்று கேட்கும்போதே அழுதுவிட்டேன். நீங்கள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

பத்தே நாளில் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு அந்த மருந்தைப் பற்றி விசாரித்தார். அந்த மாதமே, வேலை திருப்தியில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். லிஃப்டுக்குக் காத்து நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே அக்கா சொன்னேன்?"

உங்களிடம் சண்டைக்கு வந்தேன். நீங்கள் மறுக்கக்கூட இல்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "ஏனு மாடோதும்மா, என்ன செய்யறது, மேல கேட்டாங்க. சொல்லாம இருக்க முடியல." அடுத்த வெள்ளிக்கிழமை கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே டப்பாவை என்னிடம் நீட்டினீர்கள். அன்றோடு நான் வருவதை நிறுத்தினேன். நீங்கள் போன அன்று மற்ற நால்வரும் வாட்ஸ்அப்பில் உருகி உருகி எழுதினார்கள். நான் ஒரு வரி போடவில்லை.

இப்போது அதே அறையில் ஐந்து பேரை வைத்து அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நான் நடத்துகிறேன். உங்கள் நாற்காலியில் உங்களைப் போல இன்னொருவர் வந்து உட்காரக் கூடாது என்றுதான் ஒப்புக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை கேன்டீன் வரிசையில் டைரக்டர் பக்கத்தில் வந்து நின்றார். என் குழுவில் யாரோ வேலையை விடப்போகிறார்களாமே, யார் என்று கேட்டார். பெயர் எனக்குத் தெரியும். மேலிடம் இப்படிக் கேட்கும் ஒரு நாளை நினைத்து இத்தனை வருஷமும் பயந்திருக்கிறேன். என்ன மிரட்டினார்களோ, எப்படி நெருக்கினார்களோ என்று உங்களுக்காக நானே சாக்குத் தேடியும் இருக்கிறேன்.

"அதைச் சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கினார்.

அவ்வளவுதான் சார். அதற்குமேல் ஒன்றுமே நடக்கவில்லை. இத்தனை சுலபமான ஒன்றை நீங்கள் சுமதிக்காகச் செய்யவில்லை. இனி உங்களை மன்னிக்க எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.