கண்ணாடியில் மோதிய மலைக்குருவி

ஒரகடம்
ஐப்பசி 22

அன்புள்ள மகள் காவேரிக்கு அப்பா தாண்டவராயன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், இமயமலைக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறோம். நாலு நாளாக மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாலாஜாபாத் டாக்டர் கொடுத்த மருந்தில் நடமாடுகிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ ஆராய்ச்சி பண்ணுகிற குருவியின் போட்டோவைக் காட்டினாய். நீல முதுகு, ஆரஞ்சு நெஞ்சு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. அந்த மலையில் மரத்து வேருக்கடியில் பாசி வைத்துக் கூடு கட்டி, வெளிர்நீல முட்டையிட்டு, குளிர் இறங்குமுன் நம் பக்கமாகத் தெற்கு மலைக்கும் இலங்கைக்கும் பறந்து போகும் என்றாய். வழியில் எத்தனை சாகிறதோ தெரியவில்லை என்று வருத்தப்பட்டாய். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். எனக்கு அந்தக் குருவியைத் தெரியும் காவேரி. கம்பெனியில் புது ஆபீஸ் கட்டடத்துக்கு முழுக்கக் கண்ணாடி போட்ட இந்த மூன்று வருடமாக, ஐப்பசியில் காலை ஷிப்டில் கூட்டப் போனால் அதன் அடியில் ஒன்றிரண்டு செத்துக் கிடக்கும். சருகோடு கூட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். குருவி பார்க்க ஒரு படிப்பா என்று உன்னைத் திட்டியவன் அதை எந்த முகத்தோடு சொல்வேன்.

பத்து நாள் முன்பு ஒன்று உயிரோடு கிடந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை, நெஞ்சு மட்டும் துடித்தது. அட்டைப் பெட்டியில் துணி போட்டு வைத்தேன். டீ டைமில் போய்ப் பார்த்தால் அடங்கிவிட்டிருந்தது. மறுநாள் முன்னதாகவே போய், குருவிக்குக் கண்ணாடி இருப்பது தெரியட்டும் என்று பழைய பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கண்ணாடியில் கை எட்டுமட்டும் ஒட்டினேன். சூப்பர்வைசர் மணிகண்டபிரபு வந்து, "இன்னாண்ணே, ஆடிட் வர்ற நேரத்துல கண்ணாடிய அசிங்கம் பண்ணிகினு கீற?" என்றான். "எம் பொண்ணு இந்தக் குருவிக்கோசரம்தான்பா மலையில கெடக்குது" என்றேன். கிழிக்கச் சொன்னான், மாட்டேன் என்றேன், பதினாறு வருட வேலையில் முதல் தடவை. மேனேஜர் ரஞ்சனி மேடத்திடம் கூட்டிப்போனான். அவர் இறங்கி வந்து பார்த்தபோது அங்கே இன்னும் இரண்டு கிடந்தன. குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கார்த்திகை முடியும்வரை பேப்பர் இருக்கட்டும் என்றார். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காததற்கு என்னைப் பழைய இரும்பு கொட்டும் ஸ்கிராப் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை கொஞ்சம் கஷ்டம்தான், அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மழையில் கிழிந்ததை ஷிப்டுக்கு முன்னால் போய் மாற்றி ஒட்டுகிறேன். மோதுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கை எட்டாத உயரம் நிறைய இருக்கிறது.

ஸ்வெட்டர் போடாமல் காட்டுக்குள் போகாதே. தீர்க்காயுசாக, எடுத்த வேலையை முடித்து நிறைவாக இரு. இந்த வருடம் செத்தவை ஏழு, தேதியோடு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முந்தின இரண்டு வருடத்துக் கணக்கைக் கேட்காதேம்மா, அப்பா எண்ணவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
தாண்டவராயன்