கனகாவிடம் நான் சொன்ன பதில்

செவ்வாய், இரவு பத்தரை.

காவிரிப் பாலத்தில் வரும்போது போன் போட்டேன். ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். கனகாவின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

நேற்று என் அறையில் அழுதாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமாம், மனதில் வேறொருவன் இருக்கிறானாம். கட்டாயப்படுத்தினால் செத்துப்போவேன் என்றாள். மாணவி அப்படிச் சொன்னால் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. பிரின்சிபாலாக நானே எழுதியது.

இன்று மணப்பாறையிலிருந்து அவள் அப்பா வந்தார். எல்லாம் சொன்னேன். விதி கேட்காததையும் சொன்னேன், அந்தப் பையன் பெயரை. அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இப்போது பயமுறுத்துகிறது.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. இனிமே நான் பாத்துக்கறேங்க" என்று கும்பிட்டு, கனகாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

முப்பது வருஷமாக உளவியல் பாடம் எடுக்கிறேன். அந்த அமைதியைப் பார்த்து நிம்மதியடைந்தேனே!

விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். போய் யாரைப் பார்ப்பேனோ.

நேற்று உட்காருவதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள்: "மேடம், பிரின்சிபாலா கேக்கறீங்களா, கவுன்சிலரா கேக்கறீங்களா?"

"கவுன்சிலராத்தான்மா, சொல்லு" என்றேன்.