வால்வு நோட்டு

அக்டோபர் 14, செவ்வாய்

திருச்சிப் பயிற்சியில் கொடுத்த விதிமுறைகளை நகராட்சி டீசல் பங்க்கில் இன்று டிரைவர்களுக்கு வாசித்தேன். வண்டியில் டீசல் வழிய வழியப் பிடிக்கக் கூடாது. சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மரத்தூள் போட்டு அள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, டீசல் தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரின் வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். தொட்டி ஒழுகினாலும் டீசல் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்கும். வால்வு திறந்திருந்தால் வாய்க்கால் வழியாக நேரே ஏரிக்குப் போய்விடும்.

குப்பை லாரி ஓட்டும் அரியமுத்து அண்ணன் சிரித்தார். "முப்பது வருசமா டீசல் புடிக்கிறேன். இப்பப் போயி பாடமா மேடம்?"

சிரிக்கட்டும். பங்க்குக்குப் பொறுப்பு நான்தானே? வால்வுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வால்வைத் தொடுகிறவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்டோபர் 18

நோட்டில் என் கையெழுத்து மட்டும்தான்.

அக்டோபர் 23, வியாழன்

விடிய விடிய மழை. வந்து பார்த்தால் வால்வு திறந்து கிடக்கிறது! வாய்க்காலில் எண்ணெய்ப் படலம். மரத்தூள் மூட்டையைக் கொட்டி மறித்தேன். சேலை நாசம். அரியமுத்து அண்ணன் லாரியை விட்டு இறங்காமல் வேடிக்கை பார்த்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

திறந்தது டெங்கு தடுப்புப் பணியாளர் சுகன்யா. கத்திவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"செவுத்துக்குள்ள மழைத் தண்ணி தேங்கி நின்னா கொசு முட்டை வைக்கும் மேரியக்கா. மெமோ எனக்குத்தான வரும்?"

அவள் சொல்வதும் விதிதான். தண்ணீரை நிறுத்து என்கிறது ஒன்று, விடு என்கிறது இன்னொன்று — நடுவில் நாங்கள் இரண்டு பேர். கடைசியில் பேசி முடித்தோம். படலம் இல்லாவிட்டால் மட்டும் திறப்பது, வடிந்ததும் மூடுவது, இரண்டையும் நோட்டில் எழுதுவது.

நவம்பர் 7, வெள்ளி

வரதராசன்பேட்டையில் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். இரண்டு நாள் லீவு. போக மனசே இல்லை. வால்வை இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் பங்க்குக்கு வந்ததும்தான் சொன்னார்கள்.

நேற்று மத்தியானம் தொட்டிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் முந்நூறு லிட்டர் ஒழுகியிருக்கிறது. முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். 'சனி மாலை 5, திறந்தேன் — சுகன்யா.' மூடியதாக எழுதவே இல்லை. மழை வலுத்ததும் மறந்து ஓடியிருக்கிறாள்.

அவ்வளவுதான், ஏரி போச்சு என்று வாய்க்காலுக்கு ஓடினேன். தண்ணீர் சுத்தமாக ஓடுகிறது. திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் டீசல் முழுக்கச் சுவருக்குள்ளேயே நிற்கிறது. வெளியே ஒரு சொட்டு இல்லை!

நோட்டில் அடுத்த பக்கம்: 'ஞாயிறு காலை 5.40. தொறந்து கெடந்துச்சு. மூடிட்டேன். அரியமுத்து.'

அண்ணனிடமே கேட்டேன். "மேடம் லீவு. யாராச்சும் பாக்கணும்ல?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

என் நோட்டு, என் கயிறு. பெருமையாக இருக்கிறது. அதை இந்த டைரியில் ஏன் எழுதக் கூடாது? ஏரி தப்பித்தது!

நவம்பர் 13, வியாழன்

தண்ணீர் லாரி டிரைவர் இன்று வழிய வழிய டீசல் பிடிக்கப் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் அரியமுத்து அண்ணன் குரல் கேட்டது.

"யோவ், நிறுத்துய்யா. நம்ம பங்க்குல அதெல்லாம் கெடையாது."

எழப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.