உன் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை

பாப்பாவோட அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல.

பட்டறையில ஒரு கூத்து. ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுக்குற டிரெய்லருக்கு, பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சமையல்கட்டு செஞ்சேன். காட்டுல வெளிய இழுத்து, கால்களை இறக்கி நிறுத்திச் சமைக்கலாம். வீட்டுக்கு வந்தா பெட்டியோட கழட்டி வச்சிடலாம். செய்யச் சொன்ன ஆள் வந்து பாத்துட்டு, "இது யாருக்குய்யா, குழந்தைங்க விளையாடவா?"ன்னான். அளவே கேக்காம, கை தன்பாட்டுக்கு உன் இடுப்பு உயரத்துக்குக் கால்களை வெட்டியிருக்கு! பட்டறையே சிரிச்சது. நானும் சிரிச்சேன், வேறென்ன செய்ய. உயரமான கால் மாட்டிக் கொடுத்தாச்சு.

ஆசைக்குக் காட்டுல சமைக்கிறவனுக்கு இழுத்தா வர்ற மேடை. நீ தினமும் தரையில உக்காந்து புகையில கண்ணைக் கசக்குற. நாங்க தங்கியிருக்குற ரூம்லயோ அடுப்பே மூட்டக்கூடாது. நல்லா இருக்கு நியாயம்.

கழட்டின கால்களைக் குப்பையில போடச் சொன்னாங்க. என் கட்டிலுக்கடியில வச்சிருக்கேன். தரையிலிருந்து உன் இடுப்பு வரைக்கும் ஒரு நூலால அளந்து வெட்டி, இந்தக் கடுதாசியைக் கொண்டுவர்ற வெல்டர் அண்ணன் இங்க திரும்பும்போது கொடுத்தனுப்பு. பட்டறையில கை துடைக்கப் பழைய துணித் துண்டு ரெண்டும் கூட வை.

பட்டறைக்குக் கூட்டிட்டுப் போற வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். நூலை மறந்துடாத. போன்ல உன் முகம்தான் தெரியுது, உயரம் தெரியல.