துலக்கித் துலக்கித் தேய்ந்த வில்லை

அப்பா,

பக்கத்து வீட்டில் கார்த்திகைக்கு விளக்கு துலக்குகிறார்கள். புளியும் செங்கல் தூளும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் உங்கள் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வருஷம் முழுக்கக் கேழ்வரகும் கடலைக்காயும் பயிரிட்டுக் கிடந்த நீங்கள், முகாமுக்கு அழைப்பு வந்தால் மட்டும் சிப்பாய். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த பகுதிநேர ராணுவம் அது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தீர்கள். தோளில் குத்திக்கொள்ள அவர்கள் தந்த பித்தளை வில்லையில் படையின் பெயர் புடைத்திருக்கும். அங்கே கொடுத்த பாலிஷ் தீர்ந்ததும் அம்மாவின் விளக்கு துலக்கும் சாமானில் கை வைத்தீர்கள். படை கலைந்த பிறகும் விடவில்லை. சனிக்கிழமை ஆனால் வாசலில் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்ப்பீர்கள்.

"கொழம்புக்கு வெச்ச புளிங்க அது!" என்று அம்மா கத்துவாள்.

"வில்ல கருத்துப்போனா படைக்கே அவமானம்டி" என்பீர்கள்.

எந்தப் படை என்று யார் கேட்டாலும், "நம்ம படைதான்." அதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

இந்த மாதிரிப் பழைய படைச் சின்னங்களைத் தர்மபுரியில் கண்காட்சிக்குச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் உங்கள் வில்லையை எடுத்துக்கொண்டு ஏரியூரிலிருந்து பஸ் ஏறினேன். உங்கள் படையின் பெயரை ஒரு சுவரிலாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அங்கிருந்த இளைஞர் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்தே இல்லீங்களே மேடம். எந்தப் படைன்னு தெரியுங்களா?"

"எங்கப்பா சொன்னதே இல்லீங்க."

"அப்ப அடையாளம் தெரியாததுங்களோடதாங்க வெக்கணும். ஆனா நல்லா பளபளன்னு இருக்குதுங்க."

பளபளப்பாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ பரணில் வீசிப் பச்சை பூத்த வில்லைகளெல்லாம் பெயரோடு கண்ணாடிக்குள் இருக்கின்றன. கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த உங்களுடையதற்கு மட்டும் பெயர் இல்லை. அழுக்கைத்தானே தேய்க்கச் சொன்னார்கள், பெயரையுமா? பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரே ஓர் எழுத்தின் தடம் இன்னும் தெரிகிறது. அதை வைத்து என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்கலாம். தேய்க்க நீங்கள் இல்லாததால் வில்லை இப்போது கருக்கத் தொடங்கிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் ஒரு தேய்ப்பு தேய்க்கக் கை துறுதுறுக்கிறது. அந்தக் கை நீங்கள் கொடுத்ததுதான். அடக்கிக்கொண்டு பெட்டியை மூடுகிறேன். உங்களிடமிருந்து உங்கள் படையைக் காப்பாற்றுவது லேசான வேலையாக இல்லை, அப்பா.