நீ படிக்காத செய்தி

ஓபர்ஹைட், ஐஃபெல்
அக்டோபர் மாதம்

அன்பு மச்சான் கெரியோனுக்கு,

வோல்க்மார் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் தொடங்கினேன். கை அதற்கு மேல் போகவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வெள்ளத்தில் ஊறிய கீழ்த்தளச் சுவர்களை உரித்துவிட்டார்கள். ஈரம் காய வைக்கும் இயந்திரம் நாள் முழுக்க இரைகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பரவாயில்லை.

நீ கூரையிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டதாக நம் அமெச்சூர் வானொலிச் சங்கத்தில் சொன்னார்கள். கூப்பிட்டால் கேட்கமாட்டாய் என்பதால் இந்தக் கடிதம்.

ஊரில் பேசுகிறார்கள், மறைக்கவில்லை. ரொட்டிக்கடையில் ஹில்கர்ஸ் அம்மா, "கூடப் பொறந்தவ செத்தது தெரிஞ்சும் சாயங்காலம் வரைக்கும் மைக்குல போர்வைக் கணக்கு படிச்சானாமே, அவனுக்கு மனசா கல்லா?" என்று என் காதுபடக் கேட்டாள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன்.

பாலம் போய், தொலைபேசியும் போன அன்று, மேலே பள்ளிக்கூடத்தில் நானும் கீழே தீயணைப்பு நிலையத்தில் நீயும் வானொலியில் உட்கார்ந்தோம், நாம்தான் ஊருக்கு வாயும் காதும். உன் அக்கா மார்லீஸ் முந்தின மாலை பாட்டுக்குழுப் பயிற்சிக்குக் கீழே இறங்கியவள். காலையில் அவளைப் பற்றிக் கேட்டதற்கு, "தேடுறாங்க அத்தான்" என்றாய். மதியத்துக்குள் திராட்சைத் தோட்டத்தோரம் கண்டெடுத்துவிட்டார்கள். அடையாளம் சொன்னதே நீதான். அது எனக்குத் தெரியாது. மறுபடி கேட்டபோது, "சொந்த விஷயம் வேணாம் அத்தான், அடுத்த செய்திய எழுதிக்கோங்க" என்றாய். பெரிய சட்டம் பேசுகிறான் என்று சிரித்துக்கொண்டேன். உன் குரல் கட்டியிருந்ததற்கு, "ராத்திரி பூரா தண்ணிக்குள்ள நின்னா அப்படித்தான்டா" என்று கேலி வேறு.

இறந்தவர் பெயரை வானலையில் சொல்லக்கூடாது, பள்ளத்தாக்கே கேட்டுக்கொண்டிருக்கும். அந்த விதி எனக்கும் தெரியும். நீ சொல்லியிருந்தால் மைக்கைப் போட்டுவிட்டு ஆற்றைப் பார்க்க ஓடியிருப்பேன். டயாலிசிஸ் செய்தாக வேண்டிய லேனார்ட்ஸ், நாம் செய்தி சொல்லி வரவழைத்த ஹெலிகாப்டரில் ஏறியிருக்க மாட்டார். இப்போது என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. உன் மேல் கோபமும் வரவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

வருவதெல்லாம் ஒரே ஒரு காட்சிதான். நேரில் சொல்ல வேண்டும் என்று நீ மலையைச் சுற்றி நடந்து வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாய். முழங்கால் வரை சேறு. "அக்கா போயிட்டா அத்தான்" என்றாய். நான், "அப்போ கீழ மைக்குல யாரு இருக்கா?" என்று கேட்டேன். நீ திரும்பி நடந்துவிட்டாய். அடக்கத்தன்றும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

ஆன்டெனாவை மாட்டுவதும் மாட்டாததும் உன் விருப்பம். சங்கத்தாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அக்கா இல்லாத வீடு என்று ஒதுங்கிவிடாதே. உனக்கு இங்கே வரக் கால் எழாது என்று தெரியும். எனக்கும் உள்ளே போக எழவில்லை. பகலெல்லாம் வாசலில்தான் நாற்காலி போட்டு இருக்கிறேன். நீ இன்னும் உன் அக்காவுக்காக அழவில்லை என்று நினைக்கிறேன். நானும் அழவில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும். வந்து பக்கத்தில் உட்காருடா மச்சான்.

உன் அத்தான்,
வோல்க்மார்