சிவபாதம் அத்தானுக்கு ஒன்பதாம் வளையத்தில் ஓர் இடம்

என் பாசத்துக்குரிய அத்தான்,

நீங்கள் போய் அரை வருஷம் ஆகப்போகிறது. அக்கா சுகம். நீங்கள் இருந்த காலத்தைவிடச் சுகம் என்று எழுத வந்தேன். செத்தவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதால் எழுதவில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சிட்னித் தமிழர் நடுவில் பெயர் எடுக்க எவ்வளவு பாடுபட்டீர்கள்? மேடை கண்டால் ஏறுவீர்கள், மைக் கிடைத்தால் விடமாட்டீர்கள். இப்போது உங்கள் முகத்தைப் பிரேசிலில் தெரியும், கொரியாவில் தெரியும். அது எப்படி நடந்தது என்று சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும். நரகத்தின் வழியாக.

நரகம் உங்கள் பாடம். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் யமன் சபை நாடகத்தை வருஷம் தவறாமல் நீங்கள்தான் போடுவீர்கள். ஹலோவீன் முடிந்த மறுநாள் பிளாக்டவுன் கடையில் மலிவாக அள்ளிவந்த சிவப்புப் பிளாஸ்டிக் கொம்புகளை யமகிங்கரர்களின் தலையில் மாட்டினீர்கள். அவர்கள் கையில் நீளமான முள்ளுக்கரண்டி மாதிரி ஒன்று.

"அத்தான், கிங்கரருக்குக் கயிறெல்லோ?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னடாப்பா தெரியும்? இது சூலம்" என்றீர்கள்.

திரையில் ஒரு பெரிய குழியின் படத்தைக் கீறி, அதற்குள் ஒன்பது வளையங்கள் கீழே இறங்கும்படி செய்தீர்கள். ஏன் ஒன்பது என்றதற்கு, நவக்கிரகம் மாதிரி என்றீர்கள். சபை கைதட்டியது. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அத்தான், அந்த ஒன்பது நவக்கிரகத்தினுடையது அல்ல. எழுநூறு வருஷத்துக்கு முன் ஓர் இத்தாலியக் கவிஞர் கட்டியது. புனல் மாதிரி ஒரு குழி, ஒன்பது வளையங்கள், ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தளம். அந்தக் கவிதையை வாசித்தவர்கள் கொஞ்சம் பேர். வாசிக்காமல் பாவிப்பவர்கள் உலகம் முழுதும். இங்கே உறைப்புச் சோஸ் போத்தலில் அவருடைய வளையங்கள் இருக்கின்றன, பீட்சாவுக்கு அவருடைய நரகத்தின் பெயர் இருக்கிறது. எம் ஃபோர் சாலை நெரிசலில் அகப்பட்டவன், ஏழாம் வளையத்தில் நிற்கிறேன் என்று வேலையிடத்துக்குச் செய்தி அனுப்புகிறான். எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டத்தின் பெயரே எட்டாம் வளையம். கொம்பும் கரண்டியும் அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் ஆளுக்கு ஆள் சேர்த்த அலங்காரம்.

அந்தக் குழியை யாழ்ப்பாணத்தில் நீங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்தீர்கள். நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: பெரிய படம், வளையம் வளையமாக ஆட்கள் எரிவார்கள், அதைப் பார்த்த இரவு காய்ச்சல் வந்தது. வேதக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்ற மனிதர் நீங்கள். அவர்களுடைய நரகத்தை மட்டும் முழுதாக விழுங்கிவிட்டீர்கள்.

உங்கள் ஒரே மகள் மைதிலி அந்த நாடகத்தில் கொப்பரைக்குள் வேகும் பாவியாக நடிப்பாள். கார்ட்போர்டில் நெருப்புக் கீறுவதும் அவள்தான். நன்றாகக் கீறுவாள்; ஒருமுறை முன்வரிசையில் ஒரு குழந்தை அழுததால் அதை வெளியே தூக்கிப் போனார்கள். பிறகு அவள் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மெல்பேர்னில் கணினி விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனத்தில் பேய் கீறும் வேலைக்குப் போனபோது நீங்கள் ஏன் அப்படித் திடுக்கிட்டீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தொழிலை உங்களிடம்தானே பழகினாள்?

"இண்டையோட நீ எனக்குச் செத்திட்டாய்" என்றீர்கள். "நான் செத்தாலும் நீ வரக்கூடாது."

"ஓகே அப்பா" என்றாள் அவள். இரண்டே சொல். அந்த வீட்டில் உங்களுக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அக்காவைச் சாமியறைக்குக் கூட்டிப் போனீர்கள். கற்பூரம் கொளுத்தினீர்கள். அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னீர்கள்: மகளோடு கதைப்பதில்லை, மகளின் வாசல் மிதிப்பதில்லை. "மீறினியெண்டால் நரகம். உள்ள போனால் ஒருநாளும் வெளியில வரேலாது, தெரியுமோ?" அக்கா அணைத்தார். உள்ளங்கை கொப்பளித்தது. நீங்களே மருந்து பூசிவிட்டீர்கள். நல்ல கணவர் என்று இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியில் கேட்டவர்களுக்கு, மகள் மெல்பேர்னில் டொக்டர் என்றீர்கள். கொஞ்சக் காலத்தில் ஸ்பெஷலிஸ்ட் ஆக்கினீர்கள். கடைசியில் இதய சத்திரசிகிச்சை வரைக்கும் உயர்த்திவிட்டீர்கள். ஒரு சோதனையும் எழுதாமல் இவ்வளவு தூரம் வந்த பெண் இந்த நாட்டில் வேறு இல்லை.

உங்கள் தகனத்தன்று அவள் வந்தாள், அத்தான். உள்ளே வரவில்லை. உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக் கார் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே இருந்தாள். அக்கா மண்டப யன்னலால் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்து அழுதார். உங்களுக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விடுங்கள், உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்.

பக்கத்தில் நின்ற கமலா அன்ரி என் காதுக்குள் கேட்டார்: "மகள் வரேல்லையோ தம்பி?"

"பெரிய ஒப்பரேஷன் ஒண்டு அன்ரி. நெஞ்சைத் திறந்தபடி விட்டிட்டு வரேலாதெல்லோ."

"ஓமோம். பாவம், தேப்பனைப் போலக் கடமைதான் அவளுக்கும்."

நீங்கள் எரிந்து முடிந்த பிறகும் அக்கா பயந்தபடிதான் இருந்தார். மகள் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டார். மணி அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு இருப்பார். "இனி ஆர் பாக்கப் போகினம் அக்கா, கதையுங்கோ" என்றேன். "அங்க போய் அந்தரிக்கப் போறது நீயில்லைத்தானே" என்றார். கணவர் போய்விட்டார், கணவர் சொன்ன குழி மட்டும் வீட்டுக்குள் திறந்தபடி கிடந்தது.

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு ஐயர் வந்தார். எல்லாம் முடிந்து, அவர் சாமான்களைப் பையில் போடும் நேரத்தில் அக்கா போய் முன்னால் நின்றார்.

"ஐயா, கற்பூரத்தை அணைச்சுச் செய்த சத்தியத்தை மீறினால் நரகந்தானே?"

"அப்பிடித்தான் சொல்லியிருக்கு அம்மா."

"என்ன செய்வினம்?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "எண்ணெய்க் கொப்பரை, முள்ளுப் படுக்கை... உதெல்லாம் இப்ப ஏன் அம்மா?"

"எவ்வளவு காலத்துக்கு?"

"செய்ததுக்கு ஏத்த காலம். முடிஞ்சால் விட்டிடுவினம். திரும்பப் பிறக்க வேணுமெல்லோ?"

"விட்டிடுவினமோ?" அக்காவின் குரல் ஏறியது. "ஒருநாளும் வெளியில வரேலாதெண்டு..."

"ஆர் சொன்னது? எங்கட நரகத்தில நிரந்தரமா ஒருத்தரும் இருக்கேலாது அம்மா. அது வேற ஆக்களின்ரை."

அக்கா கதிரையில் இருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "கொப்பரையெண்டால் பரவாயில்லை. நான் அவரோட நாப்பது வருஷத்துக்கு மேல இருந்தனான்."

ஐயர் மிக அவசரமாகப் பையை மூடினார்.

அன்று பின்னேரமே அக்கா மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "மைதிலி, அம்மா கதைக்கிறன்" என்றார். "பிள்ளை, இருக்கிறியோ? நான் வாறன்."

மெல்பேர்னுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஃபுட்ஸ்கிரேயில் மாடிக் குடியிருப்பு. மைதிலி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அக்கா வாசலில் நின்றார். உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். "எந்தக் காலை வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

"கொப்பரைக்குப் போறதெண்டாலும் வலது காலைத்தான் வைக்க வேணும்" என்றேன்.

வலது காலை வைத்தார். அவ்வளவுதான். கூரை இடியவில்லை.

ஆனால் உண்மையான சோதனை அடுத்த நாள்தான். உங்கள் புகழுக்கு இப்போது வருகிறேன்.

அந்த இத்தாலியர் இருக்கிறாரே, அவரை அவருடைய ஊர்க்காரர்கள் துரத்திவிட்டார்கள். திரும்பி வந்தால் எரிப்போம் என்றார்கள். அவர் திரும்பவில்லை. இருந்த இடத்திலிருந்து நரகத்தை எழுதி, பிடிக்காதவர்களைப் பெயர் சொல்லி வளையம் வளையமாகக் குடியேற்றினார். எட்டாம் வளையத்தில் பாசாங்குக்காரர்கள் நடக்கிறார்கள். தோளில் போர்வை, வெளியே தங்கம், உள்ளே ஈயம். அதை நூலகத்தில் எடுத்து வாசித்தபோது, பொன்னாடையை எங்கள் ஆட்கள் இவரிடம்தான் பழகினார்களோ என்று நினைத்தேன். ஆக அடியில், ஒன்பதாம் வளையத்தில், நெருப்பே இல்லை அத்தான். பனி. தங்கள் சொந்தங்களுக்கே துரோகம் செய்தவர்கள் அங்கே உறைந்து கிடக்கிறார்கள். இதை நீங்கள் ஒருநாளும் மேடையில் காட்டவில்லை.

மைதிலி காட்டியிருக்கிறாள். அவள் வேலைசெய்த விளையாட்டில் வாளோடு ஒன்பது வளையமும் இறங்க வேண்டும். கடைசியில் ஒரு பனி ஏரி. அதில் கழுத்துவரை உறைந்த ஒருவர்: நெற்றியில் திருநீறு, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, பனிக்கு மேலே கொஞ்சம் தெரியும் பொன்னாடைக் கரை. போகிற வருகிற வீரர்களையெல்லாம் நிறுத்தி அவர் தமிழில் சொல்வார்: "டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்." கீழே அந்தந்த மொழியில் எழுத்து ஓடும். குரல் என்னுடையது. அவள் கேட்டாள், கொடுத்தேன். பயிற்சி தேவைப்படவில்லை.

உலகம் முழுதும் உங்களை 'ஐஸ் அங்கிள்' என்கிறார்கள். உங்கள் கடைசி வருஷத்தில் கோயிலில் ஸ்ட்ராத்ஃபீல்ட் பெடியன்கள் ஓடி வந்து உங்களோடு நின்று படம் எடுத்தார்களே? உங்கள் சொற்பொழிவுக்காக என்று நினைத்து மகிழ்ந்தீர்கள். அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது நான் உங்களுக்கு நல்ல மைத்துனன்.

அக்கா சொன்னார்: "அப்பா சண்டை பிடிச்ச அந்த வேலையை எனக்கு ஒருக்காக் காட்டு பிள்ளை."

மைதிலியின் முகம் வெளுத்தது. "வேண்டாம் அம்மா. இட்ஸ் ஜஸ்ட் எ கேம். பயங்கரமா இருக்கும்."

"உன்ரை அப்பாவைப் பாத்துப் பழகின எனக்கோ பயங்கரம்? காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. வந்து ஒரு நாள்தான் ஆகிறது. புருஷனைப் பிள்ளை இப்படிச் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் அம்மா எழும்பிப் போய்விடுவார், இனி வரவே மாட்டார். "மாமா, நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள்.

"நான் குரல் மட்டுந்தான் குடுத்தனான்" என்றேன்.

அக்கா விளையாட்டுக் கருவியை இரண்டு கையாலும் பிடித்தார். மைதிலி பக்கத்தில் இருந்து பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தாள். நெருப்பு, குழி, அலறல் எல்லாவற்றையும் அக்கா சந்தையில் மீன் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனார். பனி வந்தது. நீங்கள் வந்தீர்கள்.

"டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றீர்கள்.

அக்காவின் விரல் நின்றது. திரையில் உங்கள் தாடையில் பனித்துளி உறைந்து தொங்கியது. நன்றாகத்தான் கீறியிருக்கிறாள், நீங்கள் கோபப்படும்போது இடது புருவம் ஏறுமே, அதுகூட இருந்தது.

"அவரேதான்" என்றார் அக்கா மெதுவாக.

"சொறி அம்மா" என்றாள் மைதிலி. "நான்... எனக்குக் கோபம் அம்மா."

அக்கா திரும்பவில்லை. "எவ்வளவு காலம் இப்பிடி நிப்பார்?"

"எப்பவுமே. இது அந்த நரகம்."

"வெளியில எடுக்கேலாதோ?"

"ஏலும். இந்தப் பொத்தானை அமத்தினால் பனி உடையும். எழும்பி வருவார்."

அக்காவின் பெருவிரல் அந்தப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அவர் எப்போதும் உங்களுக்காக ஓடிய பெண். சத்தம் கேட்டால் குசினியிலிருந்து கை துடைத்தபடி ஓடி வருவார். இப்போதும் அமத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்து, போகப்போகும் அம்மாவுக்காக முன்கூட்டியே அழத் தொடங்கினாள்.

அக்கா கருவியை மேசையில் வைத்தார்.

"இப்ப வேண்டாம்" என்றார். "வெளியில வந்தால் தேத்தண்ணி கேப்பார்."

பிறகு மகளின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திரையில் நீங்கள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். நானாக இருக்கலாம்.

அக்கா இனி மெல்பேர்னில்தான். சிட்னி நார்த்மீட் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. சாமியறையில் இப்போது ஒரு மாணவன் சைக்கிள் வைத்திருக்கிறான். கமலா அன்ரிக்கு மட்டும், மகள் அம்மாவின் நெஞ்சு வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் தொடங்கிய மருத்துவ வாழ்க்கையைப் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அத்தான். ஆண்டுத் திவசம் தவறாது. படையலில் ஒன்றும் குறையாது. உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு நிச்சயம் இருக்கும். அக்கா அன்றைக்குக் குசினிப் பக்கம் வரமாட்டார், மகளோடு கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். சமைப்பது நான். என் சமையல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

வேறு யாரும் இல்லாததால் எப்போதும் உங்களுக்கே மைத்துனனாகவும், மைதிலிக்கு மாமனாகவும் இருக்கும்,
அக்காவின் தம்பி